தன் நிழலைத் தானே விற்ற பெண்: சோஜர்னர் ட்ரூத்தின் ஒளிப்படங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய அட்டை. இரண்டரை அங்குல அகலம், நான்கு அங்குல உயரம். அதில் அறுபது வயதைக் கடந்த கறுப்பினப் பெண் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அடர்ந்த நிறத்தில் உடை, தோளில் வெள்ளைச் சால்வை, தலையில் வெள்ளைத் தொப்பி, மெல்லிய கம்பிச் சட்டமிட்ட கண்ணாடி. கையில் பாதி பின்னிய கம்பளி வேலை. நூல் பாவாடை மேல் வழிந்து இறங்குகிறது. பக்கத்து மேசையில் ஒரு பூச்சாடி, ஒரு புத்தகம். படத்துக்குக் கீழே அச்சிட்ட ஒரே ஒரு வரி: "மெய்யைத் தாங்க நிழலை விற்கிறேன்." நிழல் என்றால் இந்தப் படம்; மெய் என்றால் அவர் உடல், அவர் பிழைப்பு. அடுத்து அவர் பெயர், சோஜர்னர் ட்ரூத். ஆண்டு 1864.

தொழிலுக்காகப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களை உடையிலும் தோற்றத்திலும் தயார்ப்படுத்துவது என் வேலை. வக்கீல், டாக்டர், பேச்சாளர், புதிதாகக் கடை திறப்பவர் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்தக் கலர் போடட்டும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றை விளக்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் நூற்றறுபது ஆண்டுக்கு முந்தைய இந்த அட்டை. படத்தில் தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை தானே முடிவு செய்து, அந்தப் படத்தை விற்றே வாழ்ந்த ஒருவரின் வேலை இது.

பெயர் இருந்தது, முகம் இல்லை

ஏறத்தாழ 1797இல் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் இசபெல்லா என்ற பெயரில் அடிமையாகப் பிறந்தவர். முதலில் பேசிய மொழி டச்சு. ஆங்கிலம் பிறகுதான் வந்தது. ஒன்பது வயதை ஒட்டி, ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டார். 1826இன் இறுதியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஜமானர் வீட்டைவிட்டு வெளியேறினார். 1843இல் சோஜர்னர் ட்ரூத் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். ஆறடியை நெருங்கும் உயரம், கனத்த குரல். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1850இல் வெளிவந்தது; கூட்டங்களில் அதை விற்றுப் பிழைத்தார். 1857இல் மிச்சிகனில் பேட்டில் க்ரீக் பக்கம் குடியேறினார்.

பேசும் இடமெல்லாம் அவர் உடலைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்கள். 1858இல் இந்தியானா மாநிலத்தின் சில்வர் லேக்கில் நடந்த கூட்டத்தில், "இவர் பெண்ணே இல்லை, ஆண்" என்று கூச்சல் எழுந்தது. நிரூபிக்கச் சொன்னார்கள். அவர் கூட்டத்தின் முன்னாலேயே மார்பைத் திறந்து காட்டி, வெட்கப்பட வேண்டியது நான் அல்ல, நீங்கள்தான் என்றார்.

பிறகு 1863. உள்நாட்டுப் போர் நடக்கிறது. அன்றைய அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களில் ஒருவரான ஹாரியட் பீச்சர் ஸ்டோ, ஏப்ரல் மாதம் ஒரு பெரிய இதழில் ட்ரூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் ட்ரூத் ஆப்பிரிக்காவின் மர்மமான தீர்க்கதரிசினி. பேச்சு கொச்சை. அதோடு, அவர் இறந்துவிட்டவர் போலவும் எழுதப்பட்டிருந்தது. ட்ரூத்தோ பேட்டில் க்ரீக்கில் உயிரோடு இருந்தார். அதைத் தொடர்ந்து சில வாரங்களிலேயே, ஃபிரான்சஸ் கேஜ் என்பவர் 1851இல் ஒஹாயோவின் ஏக்ரனில் ட்ரூத் ஆற்றிய உரையை, பன்னிரண்டு ஆண்டு கழித்து, தென் மாநில அடிமைகளின் கொச்சையில் எழுதி வெளியிட்டார். டச்சு பேசி வடக்கில் வளர்ந்தவருக்கு அந்தக் கொச்சை எங்கிருந்து வரும்? உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் அந்த உரையின் புகழ்பெற்ற வரி, "நான் பெண் இல்லையா?" என்பது, 1851இல் செய்தித்தாள் வெளியிட்ட குறிப்பில் இல்லவே இல்லை.

ஆக, அறுபத்தாறு வயதை ஒட்டிய நிலையில், உடல்நலம் குன்றி, கையில் காசில்லாமல் இருந்த ஒருவருக்கு நாடெங்கும் பெயர் பரவுகிறது; பரவுவது அவரல்லாத ஒருவரின் உருவம். அந்த ஆண்டில்தான் அவர் ஒளிப்படக்காரரின் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதையே: உங்களை நேரில் பார்க்காதவர்கள் உங்களைப் பற்றி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? "சின்னப் பொண்ணு, அனுபவம் இருக்காது" என்று கட்சிக்காரர் நினைக்கிறாரா? "கிராமத்திலிருந்து வந்தவர், இங்கிலீஷ் வராது" என்று கம்பெனி நினைக்கிறதா? உடை அலமாரியைத் திறப்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும்.

அதே ஆண்டின் இன்னொரு படம்

ட்ரூத் எதைத் தவிர்த்தார் என்பதும் இங்கே முக்கியம். 1863இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், தப்பி வந்த அடிமை ஒருவரை (கார்டன் என்றும் பீட்டர் என்றும் அறியப்படுகிறார்) முதுகைத் திருப்பி உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். சாட்டையடித் தழும்புகள் முதுகு முழுக்கப் புடைத்து நின்றன. அந்தப் படம் அதே சிறிய அட்டை வடிவில் வடக்கெங்கும் விற்றது. அடிமைமுறையின் கொடுமையைப் பலர் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அதில்தான். அதன் பயனை யாரும் மறுக்க முடியாது.

ட்ரூத்துக்கும் தழும்புகள் இருந்தன. அடிமையாக இருந்த கடைசிக் காலத்தில் வலது கை பழுதானது. துயரத்தைக் காட்டும் படம் நன்றாக விற்கும் என்பதும் கண்முன்னே தெரிந்தது. ஆனால் அவருடைய படங்களில் கந்தலும் இல்லை, காயமும் இல்லை. கஷ்டத்திலிருந்து மேலே வந்தவர்களிடம் படம் எடுப்பவர்கள் அந்தக் கஷ்டத்தையே திரும்பத் திரும்பக் கேட்பதை நான் பார்த்துவருகிறேன். மண்பானை பக்கத்தில் நிற்க வை, பழைய சைக்கிளைக் கொண்டுவா என்பார்கள். அப்படி நிற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் படத்தில் இருப்பவர் மட்டுமே. ட்ரூத் வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவின் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

சால்வை, தொப்பி, கண்ணாடி

அவர் உடுத்தியது, எளிமையை வலியுறுத்திய க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அன்றைய பெண்களின் பாணியை ஒட்டியது. அடிமை ஒழிப்பு இயக்கத்திலும் பெண்கள் உரிமை இயக்கத்திலும் முன்னால் நின்ற லுக்ரீஷியா மாட்டின் படங்களிலும் இதே போன்ற வெள்ளைத் தொப்பியும் சால்வையும் இருக்கும். படத்தை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த இயக்கத்து மக்கள். அவர்கள் கண்ணில் இந்த உடை மேடையில் பேசத் தகுதியுள்ள, நாணயமான, வயதில் மூத்த ஒரு பெண்ணின் உடை. "ஆப்பிரிக்கத் தீர்க்கதரிசினி" என்ற வர்ணனைக்கும், "இவர் பெண்ணா?" என்ற கூச்சலுக்கும், உதடு அசையாமல் சொல்லப்பட்ட பதில்.

கண்ணாடியும் புத்தகமும் எனக்குத் தயக்கம் தந்தவை. படிக்கத் தெரியாதவர் படிப்பாளி போல் தோன்றுவது பொய்யல்லவா? யோசிக்க யோசிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேதாகமத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டே மனப்பாடமாக வைத்திருந்தவர். புத்தகம் விற்று வாழ்ந்தவர். புத்தகத்தோடு அவர் வாழ்க்கைக்கு இருந்த தொடர்பு உண்மையானது. நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை இதுதான்: படத்தில் இருக்கும் பொருளைப் பற்றி ஒருவர் நேரில் கேட்டால் தடுமாறாமல் பத்து நிமிஷம் பேச முடியுமென்றால் அது இருக்கலாம். வாடகைக்கு எடுத்த சட்டப் புத்தக அலமாரி முன்னால் நிற்கும் வக்கீலுக்கு அது முடியாது.

பின்னல் வேலைதான் மிக நுட்பமான தேர்வு. போர்க்காலத்தில் வீட்டுப் பெண்கள் படைவீரர்களுக்குப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவருடைய பேரன் ஜேம்ஸ் கால்ட்வெல் 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து எதிரிகளிடம் பிடிபட்டிருந்தார். ட்ரூத்தின் இன்னொரு படத்தில் அந்தப் பேரனின் ஒளிப்படம் மடியில் திறந்தபடி இருக்கிறது. 1864இல் அவர் தலைநகர்ப் பக்கம் போய், விடுதலை பெற்று வந்தவர்கள் தங்கிய முகாம்களில் வீட்டுக் கைவேலைகள் கற்றுக்கொடுத்தார். கம்பளியும் ஊசியும் அந்த வேலையைச் சேர்ந்தவை. என் வேலையில் நான் கண்ட இன்னொரு பயனும் உண்டு. கைகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது, முகம் தானாக நிதானத்துக்கு வருகிறது. கைகட்டி நிற்கச் சொன்னால் விறைத்துப்போகும் தையற்கலைஞர், அளவு நாடாவைக் கையில் கொடுத்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

இந்தத் தோற்றத்தை அவர் மாற்றவில்லை. சில படங்களில் நிற்கிறார், சிலவற்றில் கைத்தடி இருக்கிறது, உடைகள் வேறுபடுகின்றன. தலையை மூடிய துணியும் சால்வையும் நிமிர்ந்த முதுகும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு கூட்டத்தில் அட்டையை வாங்கியவர் வேறு ஊரில் மேடையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார்.

எதிர்த் திசையில் டக்ளஸ்

ட்ரூத்தின் வழி ஒன்றே வழி என்று நினைத்துவிடக் கூடாது. அதே அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பேச்சாளரும், தானே அடிமையாக இருந்து தப்பி வந்தவருமான ஃப்ரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாக ஒளிப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர். சுமார் 160 தனித்தனிப் படங்கள் கிடைத்திருக்கின்றன. அவர் படங்களில் பூச்சாடி, புத்தகம் என்று எதையும் அநேகமாகப் பார்க்க முடியாது. வெறும் பின்னணி, அடர்நிறக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நேர் கொண்ட பார்வை. சிரிப்பு கிடையாது. 1849இல் ஓர் ஆங்கிலேய நூலில் வந்த தன் செதுக்கோவியத்தைப் பார்த்து, தப்பியோடி வந்த அடிமையின் முகத்தில் வழக்கமாக இருப்பதைவிட அதிகக் கனிவை இதில் வரைந்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். ஒளிப்படத்தைப் பற்றியே மேடையில் உரை நிகழ்த்தியவர் அவர். 1861 டிசம்பரில் பாஸ்டனில் ஒன்று. தலைமுடியும் தாடியும் காலத்துக்கேற்ப மாறின. பார்வையின் கடுமை மாறவில்லை.

"சிரிக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு டக்ளஸ் படங்களைக் காட்டுவேன். குழந்தை மருத்துவர் சிரிக்கட்டும். குற்றவியல் வழக்கறிஞர் சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிரிக்காத முகத்தில் கண் உயிரோடு இருந்தால் போதும்.

கறுத்த முகமும் வெள்ளைத் துணியும்

நம்மூர் வாசகர்களுக்கு இதைவிட முக்கியமான பகுதி வேறில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அன்றைய ஒளிப்படம் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே, கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டது. அந்தப் பூச்சு நீல ஒளியையும் புற ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். நீலத் துணி படத்தில் வெளுத்துவிடும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். பழுப்பு நிறத் தோலில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால் நேரில் இருப்பதைவிட இருண்டு பதியும். அதன் பக்கத்தில் வெள்ளைத் துணி வந்தால் துணி சரியாக இருக்கும்போது முகம் இருளும், முகம் சரியாகும்போது துணி வெளிறும். இவ்வளவு சிரமம் இருந்தும் ட்ரூத் வெள்ளையை விடவில்லை. நல்ல அட்டைகளில் முகத்தின் சுருக்கங்கள், கன்ன எலும்பு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. தொப்பியும் சால்வையும் முகத்தைச் சுற்றி ஒரு சட்டம் போட்டு, பார்ப்பவர் கண்ணை நேரே முகத்துக்குக் கொண்டுபோகின்றன.

இந்தச் சிக்கல் தகட்டோடு முடியவில்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய "ஷெர்லி" அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண். வண்ணப் படலங்கள் அந்தத் தோலுக்கு ஏற்பவே சரிபார்க்கப்பட்டன. மர நாற்காலிகளும் சாக்லேட்டும் விற்றவர்கள், பழுப்பின் சாயல்கள் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகே அதில் அக்கறை பிறந்தது. கூகுள் தன் கைப்பேசிக் கேமராவைக் கறுத்த தோலுக்கும் பொருந்தும்படி திருத்தியதாக அறிவித்தது 2021இல்தான்.

இன்றைய கேமராவும் தானியங்கி முறையில் விட்டால் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த மனிதர் நின்றால், வெள்ளை நிறைய இருப்பதைக் கண்டு கேமரா ஒளியைக் குறைக்கிறது, முகம் இருளுகிறது. அப்புறம் ரீடச் என்ற பெயரில் முகத்தை மட்டும் வெளுக்கிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். வெள்ளை போடாதீர்கள் என்று இதற்காகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். படம் எடுப்பவரிடம், ஒளியளவை முகத்தில் வைத்து எடுங்கள் என்று சொல்லுங்கள். முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு பெரிய மென்மையான விளக்கு வேண்டும். கறுத்த தோல் பிரதிபலிக்கும் ஒளியால்தான் வடிவம் பெறுகிறது. தும்பைப்பூ வெள்ளைக்குப் பதில் பழுப்பு வெள்ளைக் காட்டன் எடுத்தால் வேலை பாதி குறையும்.

மேக்கப்பில் நடக்கும் தவறும் இதையே ஒட்டியது. தோலைவிட இரண்டு படி வெளிர்ந்த ஃபவுண்டேஷன் போட்டால் கறுத்த முகம் சாம்பல் பூத்தது போலாகிவிடும். தாடைக்கும் கழுத்துக்கும் இடையே தடவிப் பார்த்து, காணாமல் போகும் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயில் காப்புக் கிரீமும் சில வெள்ளைப் பவுடர்களும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாக வெளுக்கும்; அன்று அவை வேண்டாம். நெற்றி எண்ணெயை ஒற்றி எடுத்தால் போதும், முழுக்க மாவு போல் ஆக்க வேண்டியதில்லை.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. மிக நெருக்கமான கட்டமும் கோடும் கேமராவின் சென்சாரோடு மோதி அலையலையாகத் தெரியும். அகலமான ஜரிகை விளக்கில் பளீரென்று அடித்து முகத்தை அடக்கிவிடும். பட்டு உடுத்த ஆசையென்றால் மெல்லிய பார்டர் எடுங்கள், அல்லது முந்தானையைப் பின்னால் விடுங்கள். சுங்குடி, கைத்தறிக் காட்டன், லினன் போன்றவை ஒளியை வாங்கி அடக்கிக்கொள்ளும். புதுத் துணியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வராதீர்கள். ஒரு முறை துவைத்து, இஸ்திரி போட்டு, அரை நாள் உடுத்திப் பழகியது உடம்பில் சரியாக உட்காரும். கண்ணாடி போடுபவர் கழற்ற வேண்டாம். காதுப் பக்கம் சட்டத்தை ஒரு நூல் உயர்த்தினால் பளபளப்பு போய்விடும்.

யாருக்குச் சொந்தம்

ட்ரூத்தின் அட்டையைத் திருப்பினால், பின்பக்கத்தில் அச்சிட்ட குறிப்பு இருக்கும்: 1864இல், மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில், சோஜர்னர் ட்ரூத்தால் பதிவு செய்யப்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது 1865 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டே அவர் பதிவு செய்துவிட்டார். படம் எடுத்தவர் தன் பெயரில் பதிவு செய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், படத்தில் இருந்தவர், அதிலும் ஒரு காலத்தில் தானே சொத்தாகக் கைமாறியவர், உரிமையைத் தன் பெயரில் எழுதி வாங்கினார். முன்பு அடுத்தவர் லாபத்துக்காக விற்கப்பட்டேன், இப்போது என் லாபத்துக்காக என்னை நானே விற்கிறேன் என்று அவர் மேடையில் சொன்னதாகச் செய்தி உண்டு. கூட்டங்களிலும் தபால் வழியாகவும் அட்டைகள் விற்றன. 1883 நவம்பரில் பேட்டில் க்ரீக்கில் இறக்கும் வரை அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கு அந்தப் பணமும் கைகொடுத்தது.

இந்தியாவில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டு எடுக்க வைத்தவரே. அதனால் ஸ்டுடியோ நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். உரிமையை அவர்களுக்கு மாற்றும் வரி அதில் இருக்கலாம். உங்கள் முகத்தைத் தங்கள் விளம்பரத்தில் போடலாம் என்ற வரியும் இருக்கலாம். வேண்டாமென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தோல் நிறத்தை மாற்றக் கூடாது, திருத்தாத மூலக் கோப்புகளையும் தர வேண்டும்.